இத்தா இருக்காதவள்

என் பெயர் ஹப்ஸா. சாய்ந்தமருதில் ஒரு பெண்கள் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கொலம்பஸ் டீச்சர். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் கடைசியில் நான் கப்பலேறிப் போன பெண்களின் கதையில்தான் வந்து நிற்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். ஆண் வேஷம் போட்டுக் கப்பலில் ஒளிந்து உலகத்தைச் சுற்றிவந்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் தனியே புறப்பட்டு, நம் இலங்கையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போன வியன்னாக்காரி ஒருத்தி. பம்பாயில் கப்பலேறி மக்காவுக்குப் போய்வந்த போபால் ராணி ஒருத்தி. இவர்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மணி அடித்தாலும் எனக்குக் காது கேட்காது. கொழும்பைத் தாண்டி எங்கும் போகாத ஒருத்திக்கு வேறு என்ன பைத்தியம் பிடிக்கும்?

என் புருஷன் பஸாலுக்குக் கடல் தொழில். ஒலுவில் துறைமுகத்தில் சொந்தமாக ஒரு சிறிய படகு நின்றது. கூடப் போகிறவன் றிஸ்மி. வயதில் இளையவன், பஸாலை அண்ணனாக மதித்துக் காக்கா என்று கூப்பிடுகிறவன், எங்கள் தெருவின் அடுத்த ஒழுங்கையில் பெண் எடுத்தவன். நான் புத்தகமும் கையுமாக இருப்பதைக் கண்டால் பஸால் சிரிப்பார். “நான் கடலுக்குப் போறன், நீ கடலப்பத்திக் கதைக்கிற. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்” என்பார். ஒரு தடவையாவது படகில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று நான் கேட்காத வருஷம் இல்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று அவரும் மறுக்காத வருஷம் இல்லை.

போன டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் போனார்கள். மறுநாள் ஜும்மாவுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜும்மா முடிந்தது, பொழுது விழுந்து மஃரிபும் முடிந்தது, வரவில்லை. அடுத்த நாள் துறைமுகத்துப் படகுகள் எல்லாம் தேடப் போயின. கடற்படையும் தேடியது. பிறகு காற்று மாறி, கடல் கொந்தளித்து, தேடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தொழிலைப் பார்க்கத் திரும்பினார்கள். சில கிழமை கழித்துப் பொத்துவில் கரையில் படகின் பலகை ஒன்றும் எண்ணெய்க் கான் ஒன்றும் ஒதுங்கின.

அந்த வெள்ளிக்கிழமை, றஜப் மாதக் கடைசியில், பள்ளிவாசலில் இரண்டு பேருக்கும் காயிப் ஜனாஸா தொழுதார்கள். மய்யித்து, அதாவது இறந்தவரின் உடல், இல்லாமலே தொழும் தொழுகை. தொழுகை முடிந்ததும் பள்ளித் தலைவர் ஆதம்பாவா ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்து, நானும் றிஸ்மியின் மனைவி ஸில்மியாவும் அன்றிலிருந்தே இத்தா இருக்கவேண்டும் என்றார். புருஷன் மௌத்தானால், இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் அடங்கி இருக்கவேண்டும். வெள்ளை உடுப்பு, வாசலில் திரை, அந்நிய ஆண் ஒருவரின் கண்ணிலும் படக்கூடாது.

“மய்யித்தக் கண்டீங்களா ஹாஜியார்?” என்று கேட்டேன்.

“கடல்ல போன மய்யித்து எங்க மகள் கிடைக்கும்? பலகை வந்திரிக்கி, எண்ணெய்க் கான் வந்திரிக்கி. இதுக்கு மேல என்ன வேணும்?”

“அப்ப பலகைக்கா நான் இத்தா இரிக்கிற?”

உம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். ஹாஜியார் கோபிக்கவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பாவப்பட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பிப் போனார். அந்தப் பாவப்பார்வைதான் எனக்குப் பற்றி எரிந்தது. ஊரே அவரை மௌத்தாக்கிவிட்டது. நானும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டால், அவரைத் தேடுவதற்கு இந்த உலகத்தில் ஒரு ஆள் மிஞ்சாது. அவர் எங்கேயோ ஒரு கரையில் கிடந்தால்? ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் பாஷை தெரியாமல் இருந்தால்? அவர் உயிரோடிருக்க நான் வெள்ளை உடுத்து இருப்பதா? மாட்டேன் என்றேன்.

ஸில்மியா இருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. வாப்பா சொன்னார், பள்ளி சொன்னது, இருந்தாள். நான் பார்க்கப் போனபோது திரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து, “ராத்தா, நீங்க தேடுறது எனக்கும் சேத்துத்தானே?” என்றாள்.

“ஓம்கா” என்றேன். உண்மையைச் சொன்னால், அதுவரை நான் றிஸ்மியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பாடசாலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அலையத் தொடங்கினேன். கூட வர எனக்கு ஆள் இல்லை. வாப்பா எப்போதோ போய்விட்டார். ஒரே தம்பி நஜீம் கத்தாரில். திருகோணமலைக்கும் காலிக்கும் கொழும்புக்கும் பஸ்ஸிலேயே போனேன். படகுத் துறைகளில் நின்று, ஆழ்கடலுக்குப் போய்வந்தவர்களிடம் பஸாலின் படத்தைக் காட்டினேன். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கந்தோரிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கூட யார் வந்தது? தனியாக வந்தேன் என்றால் பார்வை மாறும், உட்காரக் கதிரை கிடைக்காது. அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய பெண்கள் கைகொடுத்தார்கள். கவனித்துப் படித்தால் தெரியும், அவர்களில் பொய் சொல்லாமல் பிரயாணம் போனவள் எவளும் இல்லை. ஒருத்தி தன்னை ஆண் என்றாள். இன்னொருத்தி சிநேகிதியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு உலகத்துக்கே போனாள். நானும் சொன்னேன். தம்பி வெளியில் வாகனத்தை நிற்பாட்டுகிறார், இப்போது வருவார் என்றேன். ஊரிலேயே இல்லாத தம்பியும் இல்லாத வாகனமும் எனக்கு எத்தனையோ கதிரை வாங்கித் தந்தன.

நோன்பு மாதம் வந்தது. நோன்பு திறந்தது பெரும்பாலும் பஸ்ஸில்தான், ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும். ஊரில் கதை கிளம்பியது. இத்தா இருக்கவேண்டியவள் ஊர் ஊராகத் திரிகிறாள், எந்த ஆணோடு திரிகிறாளோ என்றார்கள். பெருநாளன்று யாரும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உம்மா வட்டிலப்பம் அவித்து வைத்துவிட்டு மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அப்படியே கோழிக்குப் போட்டார்.

“நீ அவரத் தேடல்ல மகள். நீ உனக்குப் பைத்தியமில்ல எண்டு காட்டத் திரியிற” என்றார் உம்மா.

நான் அடுத்த பஸ்ஸுக்கு உடுப்பை மடித்தேன். ஆனால் நம்பிக்கை எனக்கும் கரைந்துகொண்டிருந்தது. இரவில் படுத்தால் பஸாலின் முகம் சரியாக வருவதில்லை. படத்தில் இருக்கும் முகம்தான் வருகிறது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணம் சொல்லிக்கொண்டு வீடு வீடாக வரும் காலத்தில் ஒரு படம் வந்தது. எங்கள் ஊர்ப் பொடியன் றிபாத் மாலைதீவில், மாலே நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறான். ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொடுக்கப் போன இடத்தில், பெயர் ஊர் தெரியாத ஒருவர் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, உள்ளே விடாததால், கொண்டுவந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை வாங்கி, ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். கப்பல் ஒன்று நடுக்கடலில் எடுத்துவந்து ஒப்படைத்த ஆளாம். யாரோடும் கதைப்பதில்லையாம். வங்காளதேசத்து ஆளாக்கும் என்று இவ்வளவு காலமும் அந்தப் பக்கமே விசாரித்தார்களாம்.

முகம் வீங்கி, தோல் உரிந்து, தாடி மண்டிப் போயிருந்தது. அந்த முகத்தை வைத்துப் பெற்ற தாயும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இடுப்பில் இருந்த சாரத்தை எனக்குத் தெரியும். மருதமுனையில் என் மாமாவின் தறியில் நெய்தது. நெய்து பாதியில் பச்சை நூல் முடிந்து, வேறு பச்சை போட்டு ஒப்பேற்றிய சாரம். விற்க முடியாது என்று மாமா ஒதுக்கி வைத்ததை நான்தான் பஸாலுக்கு என்று எடுத்துவந்தேன். இரண்டு பச்சையும் சேருமிடம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அப்படி ஒரு சாரம் துனியாவில் இன்னொன்று இல்லை.

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. உம்மா அந்த இடத்திலேயே ஸுஜூதில் விழுந்தார். ஆதம்பாவா ஹாஜியாரும் வந்து படத்தைப் பார்த்தார். சாரத்தின் கதையைக் கேட்டுக் கண் கலங்கி, “என்ன மன்னிச்சிக்க மகள்” என்றார். ஸில்மியாவிடம் அந்தப் படத்தை யாரும் காட்டவில்லை. சாரத்தை நான் அடையாளம் சொன்ன பிறகு அவளுக்கு எதற்குக் காட்டுவது? அவள் மட்டும் ஆள் அனுப்பி, பஸால் காக்காவிடம் றிஸ்மியைப் பற்றிக் கேட்டு வரும்படி சொல்லியிருந்தாள்.

கழுத்தில் கிடந்ததை விற்று டிக்கட் போட்டேன். தம்பி வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள், மஹ்ரம், அதாவது துணைக்கு வர உரிமையுள்ள ஆண் உறவு, இல்லாமல் ஒரு பெண் கடல் கடந்து போகக்கூடாது என்றார்கள். என் புருஷனிடம் போக எனக்கு எந்த மஹ்ரம் வேண்டும் என்று கேட்டேன்.  அன்றைக்கு ஊர் முழுக்க என் பக்கம் நின்றது.

முதல்முதலாக விமானம் ஏறினேன். பதினாலு வயதிலிருந்து நான் கனவு கண்ட பிரயாணம், கடலைத் தாண்டித் தனியாக. கீழே பச்சையும் நீலமுமாகத் தீவுகள் கிடந்தன. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி படம் எடுத்துத் தள்ளினாள். எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் எதைக் குடித்து இதில் கிடந்தார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பழைய பெண்கள் மீது முதல் தடவையாக எனக்குப் பொறாமை வந்தது. அவர்கள் பார்க்கவென்று போனவர்கள். மலையைப் பார்த்தார்கள், ஒட்டகத்தைப் பார்த்தார்கள், எழுதினார்கள். எனக்குப் பார்க்க ஒரே ஒரு முகம்தான் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் உறவினரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மனைவி என்றேன். தாதி என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலில் அவர் மறுபக்கம் திரும்பிக் கிடந்தார். தோள் சிறுத்திருந்தது. பட்டினி கிடந்த தோள் சிறுக்காதா என்று என்னையே தேற்றிக்கொண்டேன். கட்டிலுக்கு முன்னால் போய் நின்று, “இஞ்ச பாருங்க” என்றேன்.

அவர் திரும்பினார். வீக்கம் வற்றிய முகம். அது றிஸ்மி.

என்னைப் பார்த்ததும் அவனுடைய உதடு கோணியது. இரண்டு கையாலும் இடுப்புச் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், நான் பறித்துவிடுவேன் என்பதுபோல. “டீச்சர்” என்றான். மாதக்கணக்காக வாய் திறக்காதவன் சொன்ன முதல் சொல். தாதி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மனைவியின் குரலைக் கேட்டதும் பேச்சு வந்துவிட்டது என்று மற்றத் தாதிகளையும் கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள், எனக்கு மிச்சத்தைக் கேட்கவேண்டியிருந்தது.

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

“இஞ்சின் நிண்டு போச்சு டீச்சர். நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போச்சு. மழத்தண்ணியக் குடிச்சம், மீனப் பச்சையாத் திண்டம். ஒரு இரவு பெரிய காத்துல படகுட ஒரு பக்கப் பலகை பிரிஞ்சு போச்சு. காக்காக்குக் காய்ச்சல் புடிச்சிட்டு. அவர்ர பங்குத் தண்ணியையும் எனக்குத் தந்தாரு. நீ சின்னப் பொடியன், குடி எண்டாரு. றஜப் மாசப் பிறைய நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் கண்டம். காக்கா துஆ ஓதினாரு. மூணாம் நாள் விடியச் சுபஹுக்கு எழுப்பினன். எழும்பல்ல.”

அவன் இடுப்புச் சாரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“மய்யித்துக்குக் கபன் சுத்த வெள்ளத் துணி வேணுமே. ஜும்மாக்கு உடுக்கிறதுக்கெண்டு என்ட வெள்ளச் சாரம் ஒண்டு பையில இரிந்திச்சி. கலர்ச் சாரத்தோட அவர எப்பிடி விடுற? அதக் கழட்டி நான் உடுத்திக்கிட்டு, என்ட வெள்ளையால அவரச் சுத்தினன். கிப்லா எந்தப் பக்கமெண்டு தெரியல்ல. பொழுது விழுற பக்கம் பாத்துத் தனியத் தொழுவிச்சன். மறுகா கடல்ல விட்டன். இந்தக் கையாலதான் விட்டன் டீச்சர்.”

“என்னப்பத்தி ஏதும் சொன்னாரா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஹப்ஸா தேடிக்கிட்டுத்தான் இரிப்பா எண்டு சொன்னாரு. அவள் நிப்பாட்ட மாட்டாள் எண்டாரு.”

தாதிகள் இன்னும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். 

அன்றைக்கே ஸில்மியாவுக்குப் போன் எடுத்தேன். “றிஸ்மி உசிரோட இரிக்காரு” என்றேன்.  “அப்ப காக்கா?” என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

றிஸ்மியை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லி, தூதரகத்தில் கடிதம் எடுத்து, விமானத்தில் பக்கத்தில் இருந்து, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வாடகை வானில் விடியவிடிய வந்தோம். யாரோ ஒருவனின் மனைவியாக நடித்து ஊர் சுற்றிய பெண்ணின் கதைகூட நான் படித்திருக்கிறேன். இன்னொருத்தியின் புருஷனை அவளிடம் கொண்டுவந்து சேர்த்த ஒருத்தியின் கதையை நான் எங்கும் படித்ததில்லை.

காலையில் ஸில்மியாவின் வீட்டு வாசலில் வான் நின்றது. ஒழுங்கை நிறைய ஆட்கள். றிஸ்மி இறங்கினான். திரையை விலக்கிக்கொண்டு ஸில்மியா வெள்ளை உடுப்போடு ஓடிவந்தாள். அவளுடைய பெரியம்மா பின்னாலிருந்து பதறினார்: “இத்தா முடிய இன்னும் நாள் கிடக்கு புள்ள, வெளிய போகாத, ஆம்புளயள் நிக்காங்க.” ஒரு கணம் ஸில்மியாவே நின்றுவிட்டாள். யாருக்காக இத்தா இருக்கிறாளோ அவன் முன்னால் நிற்க, போகலாமா கூடாதா என்று யோசித்தாள். பிறகு யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள், அவள் அவன் காலடியில் விழுந்து அழுதாள். நான் வானைத் திருப்பச் சொன்னேன்.

வீட்டில் உம்மா அறையைக் கூட்டி, பாய் விரித்து, வாசலில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார். போனில் நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டிலில் என் வெள்ளை உடுப்பு மடித்துக் கிடந்தது. எந்த அறைக்குப் பயந்து மாதக்கணக்காக ஊர் ஊராக ஓடினேனோ, அந்த அறையைக் கண்டதும் உள்ளே போய்விடத் தோன்றியது. இனி யாரிடமும் படம் காட்டத் தேவையில்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. திரையை இழுத்துவிட்டு அவருக்காக மட்டும் இருக்கலாம், அழுது தீர்க்கலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. தாகத்தோடு வந்தவளுக்குத் தண்ணீர் வேண்டியதுபோல வேண்டியிருந்தது.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளி மௌலவி வந்தார். இளம் ஆள், நல்ல மனுஷன். றிஸ்மியிடம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஹோலில் இருந்து தலையைக் குனிந்துகொண்டு கதைத்தார்.

“றஜப் மூணாம் நாள் மௌத்தாகி இரிக்காரு. இத்தா மௌத்தான நாளையிலிருந்துதான் கணக்கு டீச்சர், செய்தி தெரிஞ்ச நாளையிலிருந்தில்ல. றஜப், ஷஃபான், றமழான், ஷவ்வால்...” விரலை மடித்தார். “நாலு மாசமும் பத்து நாளும் துல்கஃதாவிலேயே முடிஞ்சு போச்சு. இனி நீங்க இரிக்கத் தேவல்ல. நாளைக்கே பாடசாலைக்குப் போகலாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் உம்மா. உண்மையான நிம்மதியில்தான் சொன்னார். மகள் இத்தாவை முறித்த பாவி இல்லை என்று ஆகிவிட்டதே.

“நான் இரிக்கணும் மௌலவி” என்றேன்.

“தேவல்ல டீச்சர்.”

“தேவல்லாட்டியும் இரிக்கிறன். ஒரு கிழமையாவது.”

“அந்த நாளுக்கு மேல துக்கம் அனுஷ்டிக்க மார்க்கத்துல இடமில்ல. அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கி இரிக்கான். அத லேசா எடுத்துக்கங்க.”

அவர் ஸலாம் சொல்லிப் போனார். என் இத்தா முடிந்த நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் கொழும்பில் இருந்தேன். ஒரு கந்தோரில் குமாஸ்தாவோடு சண்டை பிடித்துவிட்டு, கோட்டையில் பஸ் ஏறி, ஜன்னலோரத்தில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கல்முனைவரை தூங்கிவந்தேன். உயிரோடிருந்த புருஷனுக்காக ஸில்மியா மாதக்கணக்காகத் திரைக்குப் பின்னால் அழுதாள். மௌத்தாகிப்போன என் புருஷனுக்காக நான் ஒரு நாள்கூட இருக்கவில்லை. இருக்கவேண்டிய நாளெல்லாம் அவர் இருக்கிறார் என்று சண்டை பிடித்துத் திரிந்தேன்.

உம்மா கதிரையில் ஏறித் திரையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

“இண்டைக்கு மட்டும் கிடக்கட்டும் உம்மா” என்றேன்.

“மௌலவி சொன்னத்துக்குப் பொறகு வெச்சிரிந்தா ஆக்கள் என்ன சொல்வாங்க மகள்?” என்றார்.  முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

திரை கீழே விழுந்ததும் அறை வெறும் அறையாகிவிட்டது. கட்டிலும் அலுமாரியும் திறந்த கதவுமாக எல்லோருக்கும் தெரிந்தது. செய்தி கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள், ஆண்களும் பெண்களுமாக வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மறைந்து அழ எனக்கு இடம் தரவில்லை. ஹோல் நடுவில், நின்ற இடத்திலேயே இருந்து, வந்தவர் எல்லோரும் பார்க்க, பஸால், பஸால் என்று அவருடைய பெயரைச் சொல்லி அழுதேன்.